பெரு நாட்டுப் பயணம்: எழுபது வயதுப் பெரியவர்களுடன் எந்த மாதத்தில், எந்த வரிசையில் செல்வது?

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெரு நாட்டுக்குச் சென்று வந்தவர்கள் இங்கே இருந்தால் அவர்களுடைய ஆலோசனை எனக்கு வேண்டும். நான், என் கணவர், மாமனார், மாமியார் ஆகிய நால்வரும் அடுத்த ஆண்டு இரண்டு வாரப் பயணமாக அங்கே போக எண்ணியிருக்கிறோம். மாமனாருக்கு வயது 71. இரத்த அழுத்தத்திற்கு நெடுநாளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மாமியாருக்கு 67; உடம்பில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் புரட்டாசியில் மட்டும் சைவம் என்றிருக்கும் எங்களைப் போலன்றி, ஆண்டு முழுவதும் மீன், முட்டை எதையும் தொடாதவர்.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் பெருவுக்கு என்று கேட்பீர்கள். மாமனார் டர்பனில் ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பாட்டனார் ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்து நேட்டால் அரசு ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர். ஆண்டீஸ் மலையில் மேகத்துக்கு மேலே ரயில் ஓடுகிறது என்று இளம் வயதில் ஏதோ ஒரு பத்திரிகையில் படத்துடன் பார்த்த நாளிலிருந்து அதை நேரில் காண வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்கா மக்களின் பழைய மலைநகரமான மாச்சு பிச்சுவில் அவருக்கு அவ்வளவு நாட்டம் இல்லை. அது எங்கள் இருவருடைய ஆசை.

பயண முகவர் ஒருவர் டிசம்பர் மாதத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். லிமா, நாஸ்கா, குஸ்கோ, வானவில் மலை, மாச்சு பிச்சு, டிட்டிகாக்கா ஏரி, அமேசான் காடு என்று பதினான்கு நாளில் ஏழு இடங்கள். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விமானத்தில் ஏறுவதும் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாள் போய்விடும் போலிருக்கிறது. என் கணவருடைய தொழிற்சாலை டிசம்பரில்தான் மூடுகிறது. பள்ளி விடுமுறை எனக்கு ஜூன், ஜூலையிலும் உண்டு. எந்த மாதம் சரி, எதை விடலாம், மலை உயரம் மாமனாருக்கு ஒத்துக்கொள்ளுமா, மாமியாருக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பவையே என் கேள்விகள்.

லெனேசியா வழிப்போக்கர் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஜூலை மாதத்தில் நானும் என் மனைவியும் போய் வந்தோம். அப்போது எனக்கு 64, அவளுக்கு 61. ஆகவே உங்கள் கவலை எனக்குப் புதிதல்ல.

முதலில் மாதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருவும் நம்மைப் போலவே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் டிசம்பர் கோடை, ஜூலை குளிர்காலம் என்பது அங்கும் உண்மை. கோடையே பயணத்துக்கு ஏற்றது என்று நாம் எண்ணிக்கொள்வது இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. குஸ்கோ வட்டாரத்தின் மழைக்காலத்தைப் புரிந்துகொள்ள ஜோகன்னஸ்பர்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே கோடையில் பிற்பகல் தோறும் இடியும் மழையும், குளிர்காலத்தில் வறண்ட நீலவானமும் இருப்பதுபோலவே, அங்கும் நவம்பர் முதல் மார்ச் வரை மழை, மே முதல் செப்டம்பர் வரை வெயில் என்ற ஒழுங்கு இருக்கிறது. சனவரியும் பிப்ரவரியும் மிக மோசம். 2010 சனவரியில் பெய்த மழையில் உருபாம்பா ஆறு ரயில் பாதையை அரித்துக்கொண்டு போனதால் ஆயிரக்கணக்கான பயணிகள் மாச்சு பிச்சுவின் அடிவாரத்தில் சிக்கிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அந்த இடம் ஏப்ரல் வரை மூடியே கிடந்தது. ஒவ்வோர் ஆண்டும் அப்படி நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. டிசம்பரில் போனால் மலை முழுவதும் மேகம் மூடி, இவ்வளவு செலவு செய்து வந்து பஞ்சுப் பொதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே உங்கள் கணவர் எப்படியாவது விடுப்பு வாங்கிக்கொண்டு ஜூன் இறுதி அல்லது ஜூலை முதல் பாதியில் வரட்டும். ஜூன் 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி என்னும் சூரியத் திருவிழா. ஜூலை 28, 29 பெருவின் சுதந்திர நாள் விடுமுறை. இவ்விரண்டுக்கும் இடையில் உங்கள் பள்ளி விடுமுறை வருவதால் மிக நெருக்கமான கூட்டத்திலிருந்தும் தப்பிக்கலாம். பகலில் இதமான வெயில் இருக்கும். இரவில் பூச்சியம் டிகிரிக்கு அருகில் போகும். டர்பன்காரர்கள் கம்பளியை மறக்கக் கூடாது.

அடுத்து, போகும் வரிசை. இதை நான் அடிபட்டுக் கற்றேன். எங்கள் முகவரும் (பெயர் வேண்டாம்) லிமாவிலிருந்து நேரே விமானத்தில் குஸ்கோவுக்கு அனுப்பி, அங்கேயே மூன்று இரவு தங்க வைத்தார். கடல் மட்டத்திலிருந்து ஒன்றே கால் மணி நேரத்தில் 3,400 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் உடம்பு என்ன செய்யும்? என் மனைவி இரண்டு நாள் தலையைத் தூக்கவில்லை, வாந்தி வேறு. அவ்வளவு அழகான ஊரில் நாங்கள் பார்த்தது விடுதியின் கூரையைத்தான். மூன்றாம் நாள் வந்த வழிகாட்டி, “விமானத்திலிருந்து இறங்கியதும் தாழ்வான உருபாம்பா பள்ளத்தாக்குக்குப் போயிருக்க வேண்டும்” என்றார். அதுதான் இதில் பாதி ரகசியம். மாச்சு பிச்சு குஸ்கோவைவிட உயரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது 2,430 மீட்டரில், குஸ்கோவுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இருக்கிறது. குஸ்கோ விமான நிலையத்திலிருந்து வண்டி பிடித்து இரண்டு மணி நேரத்தில் ஒயந்தாய்டாம்போ என்னும் ஊருக்கு இறங்கிவிடலாம். அதன் உயரம் சுமார் 2,800 மீட்டர். அங்கே மூன்று இரவு தங்குங்கள். இன்காக்கள் கட்டிய தெருவும் வாய்க்காலும் இன்றும் மக்கள் புழங்கும் நிலையில் இருக்கிற ஊர் அது. அங்கிருந்து ரயிலில் மாச்சு பிச்சு, அதன் பிறகு உடம்பு பழகிய நிலையில் கடைசியாகக் குஸ்கோ. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டைப் பெரு அரசின் கலாச்சார அமைச்சகத்தின் இணையத்தளத்தில் கடவுச்சீட்டு எண்ணுடன் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். நாளொன்றுக்கு 4,500 பேர், நெரிசல் மிகுந்த நாட்களில் 5,600 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எந்த மணிக்கு, எந்தச் சுற்றுப்பாதையில் நுழைகிறீர்கள் என்பதும் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். ஒருவழிப் பாதை, திரும்பி வர முடியாது. பெரியவர்களுக்கு மூன்றாம் சுற்றின் கீழ்ப்பகுதிப் பாதை எளிது. எல்லோரும் படத்தில் காணும் காட்சி வேண்டுமென்றால் நீங்களும் கணவரும் இரண்டாம் சுற்றுக்குச் சீட்டு வாங்குங்கள். உள்ளே கழிவறை கிடையாது என்பதை இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் முன்பே அறிந்திருப்பது நல்லது. அடியில் ரப்பர் பூண் வைத்த கைத்தடியை முதியவர்கள் கொண்டுபோகலாம்.

நடைப்பயணமாக மாச்சு பிச்சு போகும் இன்கா பாதையைப் பற்றி உங்கள் கணவர் கேட்கக்கூடும். நாலு நாள், 43 கிலோமீட்டர், நடுவில் 4,215 மீட்டர் கணவாய். இந்தப் பயணத்தில் வேண்டாம்.

ஏழு இடங்களில் நான் மூன்றை வெட்டிவிடுவேன். வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேலே. மாமனாரை வைத்துக்கொண்டு அதை நினைக்கவும் வேண்டாம். டிட்டிகாக்கா ஏரி 3,812 மீட்டர்; கோரைப்புல்லால் மிதக்கும் தீவுகள் கட்டி வாழும் ஊரோஸ் மக்களைப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் இரண்டு நாள் அலைச்சல். அமேசான் காடு தனியே ஒரு பயணமாகப் போகத்தக்கது. மிச்சமாகும் நாட்களில் ஒன்றிரண்டை எந்த வேலையும் இல்லாமல் விட்டுவையுங்கள். அங்கே மறியலும் கடையடைப்பும் அடிக்கடி நடக்கும். எங்களுக்கே ஒரு நாள் ரயில் ஓடவில்லை.

மாரிட்ஸ்பர்க் செவிலி எழுதியது:

அண்ணா சொன்ன வரிசை மருத்துவ நோக்கிலும் சரியானதே. உயரங்களை நாமறிந்த இடங்களோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதாக விளங்கும் என்று நினைக்கிறேன். சானி கணவாயின் உச்சியில் இருக்கும் லெசோத்தோ எல்லைச் சாவடிக்கு நீங்கள் போயிருந்தால், ஒயந்தாய்டாம்போவின் உயரம் ஏறத்தாழ அதுதான். ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலேயே மிக உயர்ந்த சிகரமாகிய தபானா இன்ட்லென்யானா 3,482 மீட்டர். அதன் உச்சியில் ஒரு நகரத்தைக் கட்டி வைத்தால் எப்படி இருக்குமோ அதுவே குஸ்கோ. அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மாமனாரை ஒரு வார இறுதியில் சானி உச்சிக்கு அழைத்துப் போய், ஓர் இரவு தங்க வைத்துப் பார்ப்பது செலவில்லாத ஒத்திகை. அங்கே நன்றாக இருந்தார் என்பதற்காகக் குஸ்கோவில் ஒன்றும் ஆகாது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் சானியிலேயே திணறினால் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

உயர நோயை அந்த ஊரில் சொரோச்சே என்பார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் இரண்டு நாளில் வருவது இயல்பு. இது வயதையோ உடல் வலிமையையோ பார்த்து வருவதில்லை. ஓட்டப்பந்தய வீரருக்கு வந்து பாட்டிக்கு வராமலும் போகும். அசையாமல் ஓய்வெடுத்தும் குறையாமல் மூச்சுத் திணறலோ, தள்ளாட்டமோ, பேச்சில் குழப்பமோ தெரிந்தால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். உயர நோய் வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உண்டு. அது சிறுநீரை மிகுவிக்கும் மருந்து என்பதால், மாமனார் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சேரலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். சல்பா மருந்து ஒவ்வாதவர்களும் கவனமாக இருக்க வேண்டும். விடுதிதோறும் கோக்கா இலைத் தேநீர் வைத்திருப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரியே. ஆனால் அந்த இலையையோ தேநீர்ப் பொட்டலத்தையோ நினைவுப் பொருளாக நம் நாட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது, ஏனென்றால் கொக்கெயின் எடுக்கப்படுவது அதே இலையிலிருந்துதான்.

இன்னொன்றை யாரும் இங்கே சொல்லவில்லை. உங்கள் முகவரும் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் பெருவும் பிரேசிலும் இருக்கின்றன. லிமா, குஸ்கோ, மாச்சு பிச்சு ஆகிய இடங்களுக்கு மட்டும் போகிறவருக்கு நோய்க்கு அஞ்சி அந்தத் தடுப்பூசி தேவைப்படுவதில்லை; பெருவுக்குள் நுழையும்போதும் கேட்கமாட்டார்கள். திரும்பி ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் இறங்கும்போது நம்முடைய நாடுதான் சான்றிதழைக் கேட்கும். பிரேசிலில் விமானம் மாறுவதற்காகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவருக்கும் இதே விதி. புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பு ஊசி போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் அந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். அறுபது வயதைக் கடந்து முதன்முறையாக இந்த ஊசியைப் போடுபவர்களுக்குப் பக்க விளைவு சற்றுக் கூடுதல் என்பதால் மாமனார், மாமியார் இருவரையும் பயண மருத்துவ நிலையத்தில் காட்டி, ஊசி வேண்டுமா அல்லது விலக்குக் கடிதம் போதுமா என்று முடிவு செய்யுங்கள். இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

டோங்காட் அக்கா எழுதியது:

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், நானும் சைவந்தான். பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் ஏமாந்துவிடக் கூடாது.

பெரு உருளைக்கிழங்கின் தாயகம். 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் ஆண்டீஸ் மலையில் விளைகின்றன. ஊதா, மஞ்சள், கருஞ்சிவப்பு என்று சந்தையில் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் நம் வீட்டுக் கிழங்கு ஏழையாகத் தெரியும். நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கறி வைக்கும் பட்டர் பீன்ஸுக்கு லிமா பீன்ஸ் என்ற பெயர் வந்ததே அந்த ஊரால்தான். ஒயந்தாய்டாம்போவில் பெரிய பெரிய மணிகளைக் கொண்ட வெள்ளைச் சோளக்கதிரை அவித்து, ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியோடு தெருவில் விற்பார்கள்; உங்கள் மாமியாருக்கு அது பிடிக்கும். கீன்வா என்னும் தானியக் கஞ்சியும் எங்கும் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், கஞ்சியில் கறித்துண்டு இல்லாவிட்டாலும் அதை எலும்புச் சாற்றில் காய்ச்சியிருப்பார்கள். கேட்டால் “இதில் இறைச்சி இல்லை” என்று மனமார உண்மையாகவே சொல்வார்கள். ஆகவே “சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் வேவோ” என்று நாலையும் சொல்லிவிட்டு, சாறு எதில் காய்ச்சியது என்றும் கேட்க வேண்டும். இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் இல்லாமல் என்று பொருள். இதை ஓர் அட்டையில் ஸ்பானிய மொழியில் எழுதி மாமியார் கையில் கொடுத்துவிடுங்கள். குஸ்கோவிலும் லிமாவிலும் தனிச் சைவ உணவகங்களே இருக்கின்றன. தட்டில் முழுசாகப் பொரித்து வைக்கும் கினிப் பன்றி அந்த மலைநாட்டு விருந்து உணவு. பக்கத்து மேசையில் அது வந்தால் மாமியாரை வேறு பக்கம் பார்த்து உட்கார வையுங்கள்.

எனக்கு அங்கே வயிறு நிறையச் சோறு கிடைத்தது சீபா என்று பலகை மாட்டிய கடைகளில்தான். சீபா என்றால் பெரு நாட்டுச் சீன உணவகம். தெருவுக்குத் தெரு இருக்கும். முட்டையில்லாமல் காய்கறி போட்டு வறுத்த சோறு கேட்டால் கொதிக்கக் கொதிக்கச் செய்து தருவார்கள். லிமாவின் பழைய நகரில் கப்போன் தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு சீனர்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்னதைக் கேட்டு என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள், பெரும்பாலும் மக்காவ் துறைமுகத்திலிருந்து, எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பல் ஏறி வந்திருக்கிறார்கள். 1854-இல் பெருவில் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. கரும்பு வெட்டவும், கடற்பறவைகளின் எச்சம் மலைபோல் குவிந்து கிடந்த சின்ச்சா தீவுகளில் அதை உரத்துக்காக வெட்டி அள்ளவும், மலையில் ரயில் பாதை போடவும் அவர்களைக் கொண்டுபோனார்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை டர்பனில் கொண்டுவந்து இறக்கியதும், 1911 வரை ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இந்த டோங்காட் கரும்புக்காட்டில் முதுகை ஒடித்ததும் இதே கதைதானே? அவர்களுக்கு எட்டு ஆண்டு, நமக்கு ஐந்து. வேறு என்ன வித்தியாசம்? அந்தப் பெண்ணுக்குச் சீன மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் கொள்ளுப் பாட்டன் வந்த ஊரின் பெயரைச் சொன்னாள். உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பார்க்க விரும்பும் அந்த மலை ரயிலின் தண்டவாளத்தைப் போட்டவர்களில் இவர்களும் உண்டு.

பணத்தைப் பற்றி ஒரு வரி. ராண்டை அங்கே யாரும் மாற்றித் தருவதில்லை. டாலர் கொண்டுபோங்கள், ஓரம் சிறிது கிழிந்திருந்தாலும் வாங்கமாட்டார்கள், ஆதலால் வங்கியில் புதுத் தாளாகக் கேளுங்கள்.

கேப் டவுன் தம்பி எழுதியது:

பெரியவர்கள் சொன்னதை மறுப்பதற்காக எழுதவில்லை. ஆனால் டிசம்பரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. பெரு என்றாலே மாச்சு பிச்சு என்று எல்லோரும் ஒரே பாதையில் நெருக்கியடித்துக்கொண்டு போவது எனக்கு ஒப்பவில்லை.

மழை பெய்வது மலையில்தான்; கடற்கரை பாலைவனம். நம் மேற்குக் கரையில் பெங்குவேலா குளிர் நீரோட்டம் இருப்பதால் போர்ட் நொல்லோத்தில் மழையில்லாமல் மூடுபனி மட்டும் வருவதைப் போல, பெருவின் கரையோரம் ஹம்போல்ட் நீரோட்டம் ஓடுகிறது. லிமாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சூரியனைக் காண்பதே அரிது. சாம்பல் நிறத் தூவானம் வானத்தை மூடிக்கொண்டிருக்கும். டிசம்பரில் அது விலகி நல்ல வெயில் அடிக்கும். ஆகவே டிசம்பரில் கடலோரமாகவே வடக்கு நோக்கிப் போகலாம். லிமாவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில் காரல். ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய நகரம், அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய நாகரிகங்களுள் ஒன்று. திருகியோ நகருக்கு அருகில் இன்காக்களுக்கு முந்தைய சிமு அரசர்களின் தலைநகரான சான் சான், முழுவதும் பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டது. இருபது சதுர கிலோமீட்டர் பரப்பு. மண் சுவரில் மீனும் கடற்பறவையும் வலைப்பின்னலும் செதுக்கியிருக்கிறார்கள். இன்னும் வடக்கே, 1987-இல் வால்ட்டர் அல்வா என்ற தொல்லியலாளர் கொள்ளையர் கையில் முழுவதும் சிக்கும் முன் கண்டெடுத்த சிபான் பிரபு என்ற பழங்கால ஆட்சியாளரின் கல்லறைப் பொன்னணிகள் லம்பாயேக்கே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நான் பெருவில் பார்த்தவற்றுள் மாச்சு பிச்சுவைவிட இதுவே மனத்தில் நிற்கிறது. எல்லாம் கடல் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் மாமனாரின் இரத்த அழுத்தத்துக்கும் அச்சமில்லை, கூட்டமும் இல்லை.

தெற்கே பராக்காஸிலிருந்து படகில் பாயெஸ்தாஸ் தீவுகளுக்குப் போனால் ஹம்போல்ட் பென்குவின்களைப் பார்க்கலாம். சைமன்ஸ் டவுனில் நாம் பார்க்கும் பென்குவின்களுக்கு நெருங்கிய உறவு. படகிலிருந்த மற்றவர்கள் வியந்துகொண்டிருந்தபோது எனக்கு ஊருக்கு வந்ததுபோல் இருந்தது.

சாட்ஸ்வர்த் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு நால்வரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். கணவர் மேலாளரிடம் பேசி ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு விடுப்புக் கேட்டிருக்கிறார். வானவில் மலை, டிட்டிகாக்கா, அமேசான் மூன்றையும் அடித்துவிட்டேன். தம்பி சொன்ன வடக்குப் பகுதியையும் இதில் திணித்தால் பழைய திட்டமே திரும்பி வந்துவிடும். ஆதலால் பராக்காஸை மட்டும் சேர்த்து, லிமாவில் குறைவாகவும் ஒயந்தாய்டாம்போவில் நாலு இரவும் கடைசியாகக் குஸ்கோவில் நாலு இரவும் என்று வைத்திருக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் விஷயம் எங்களுக்குத் துளியும் தெரியாது. அடுத்த வாரமே பயண மருத்துவ நிலையத்துக்குப் போகிறோம். சானிக்கும் போகிறோம்.

சீனத் தொழிலாளர்களின் கதையைப் படித்துக் காட்டியபோது மாமனார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தன் பாட்டனாரின் ஒப்பந்த எண்ணை எழுதி வைத்திருக்கும் பழைய தாளை அலமாரியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். அதன் பிறகு அவர் கேட்ட ஒரே கேள்வி: “அந்த மேகத்து ரயிலில் ஏற முடியுமா, முடியாதா?”

லெனேசியா வழிப்போக்கர் எழுதியது:

ஐயாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவர் படத்தில் பார்த்தது லிமாவிலிருந்து உள்நாட்டு மலைக்கு ஏறும் மத்திய ரயில் பாதையாகத்தான் இருக்க வேண்டும். ஹென்றி மெய்க்ஸ் என்ற அமெரிக்க ஒப்பந்தக்காரர் 1870-இல் தொடங்கியது. கலேரா சுரங்கத்தில் ஏறத்தாழ 4,780 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. உலகின் மிக உயரமான ரயில் பாதைகளுள் ஒன்று. ஆனால் அதில் பெரும்பாலும் தாது ஏற்றிய சரக்கு வண்டிகளே ஓடுகின்றன. பயணிகள் ரயிலை நம்பித் திட்டம் போட முடியாது. ஓடினாலும் கடற்கரையிலிருந்து ஒரே நாளில் அந்த உயரத்துக்கு ஏறுவதைச் செவிலித் தங்கை ஒருபோதும் ஒப்பமாட்டார். குஸ்கோவிலிருந்து டிட்டிகாக்கா ஏரிக்கரையிலுள்ள பூனோவுக்குப் போகும் சொகுசு ரயிலும் 4,300 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்குகிறது.

அவருக்கென்று நான் பரிந்துரைப்பது ஒயந்தாய்டாம்போ ரயிலைத்தான். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். ஏறுவதற்குப் பதிலாக ஆற்றோடு சேர்ந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். பாறை இடுக்கில் வண்டி நுழையும்போது பனிமலை தலைக்கு மேலே தெரியும், சிறிது தூரத்தில் காடு தொடங்கிவிடும். ரயில்வேக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன்: நம் பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர் அல்லவா? அந்தப் பாதை அதைவிடக் குறுகல், 914 மில்லிமீட்டர். பூனோவுக்குப் போகும் பாதையோ 1,435. இரண்டும் குஸ்கோ நகரத்துக்கு வந்தும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஒன்று சான் பெத்ரோ நிலையத்திலும் மற்றது வான்சாக் நிலையத்திலும் நின்றுவிடுகின்றன. சான் பெத்ரோவிலிருந்து வண்டி நகரத்தை விட்டு மேலேறுவதற்கு வளைந்து திரும்ப இடமில்லாததால், முன்னே போய் நின்று, பின்னே போய் நின்று, இசட் எழுத்தைப் போல மலைச்சரிவில் ஏறும்படி பாதை போட்டிருக்கிறார்கள். குஸ்கோவில் கடைசி நாலு நாளில் ஒரு காலைப்பொழுது அவரை அங்கே அழைத்துப் போய், சரிவில் தண்டவாளம் மாறும் இடத்தைக் காட்டுங்கள். அரை மணி நேரத்துக்கு வேறெதுவும் கேட்கமாட்டார்.

ரயில் சீட்டை மாச்சு பிச்சு நுழைவுச்சீட்டு உறுதியான பிறகே வாங்குங்கள், இல்லாவிட்டால் நேரம் பொருந்தாது. பெட்டிகளை விடுதியில் விட்டுவிட வேண்டும். ரயிலில் சிறிய பைக்குத்தான் இடம். போகும்போது இடப்பக்கத்து ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கி ஐயாவை அதில் உட்கார வையுங்கள். உருபாம்பா ஆறு அந்தப் பக்கம்தான் வரும்.